எதிரில், முன்பு, பின்பு

சிங்கப்பூரில் பேருந்து நிறுத்தங்களுக்குப் பெயர் வைத்தவர் கண்டிப்பாக இலக்கணம் படித்தவராக இருக்கவேண்டும். 'புளோக் 210' என்று ஒரு நிறுத்தம் இருக்கும். சாலையைக் கடந்தால் அங்கே இருப்பது 'ஆப்போசிட் புளோக் 210'. கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு பள்ளிக்கு 'பிஃபோர்', ஒரு கோவிலுக்கு 'ஆஃப்டர்'. பலகையில் இடம் போதாது என்பதால் எல்லாவற்றையும் மூன்று நான்கு எழுத்துகளாகச் சுருக்கியிருப்பார்கள். தனக்கென்று பெயர் இல்லாத இடங்கள். எதற்கோ எதிரில், எதற்கோ முன்பு, எதற்கோ பின்பு.

நான் அங்கே வேலைக்குப் போன புதிதில் இந்தப் பெயர்களைவிட என்னைக் கவர்ந்தது எண்கள்தான். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்து இலக்கத்தில் ஒரு குறியெண் உண்டு. எதிரெதிர் நிறுத்தங்கள் பெரும்பாலும் 1, 9 என்று முடியும். 1995ல் வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டில் வீவக குடியிருப்பு என்றால் கடைசி மூன்று இலக்கம் புளோக் எண். தெம்பனிஸ், அங் மோ கியோ மாதிரியான நகர்களில் புளோக் எண்ணின் முதல் இலக்கமே அது எந்தப் பேட்டை என்று சொல்லிவிடும். ஈஷூனுக்குள் சுற்றிவரும் பேருந்துகளின் எண் எட்டில் தொடங்கும். தரவுத்தளம் வடிவமைத்துப் பிழைக்கிற ஒருவனுக்கு இது எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். முதல் மாதமே ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, நிலப் போக்குவரத்து ஆணையம் பொதுவில் தரும் தரவை எடுத்து, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுத்தங்களையும் கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகளாக வரைந்தேன். கோடு எதுவும் போடாமலேயே தீவு தெரிந்தது. அதை ரொம்ப நாள் கணினியின் முகப்புப் படமாக வைத்திருந்தேன்.

அந்தப் படத்தில் என்ன தப்பு என்று எனக்கு உறைக்க மூன்று வருடம் ஆனது. அதற்கு முன் இந்த நகரத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் பார்த்துவிடலாம். அவர்கள் செய்த தப்பும் நான் செய்த தப்பும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூர் பற்றிய கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது வில்லியம் கிப்சன் 1993ல் வயர்டு இதழில் எழுதிய 'டிஸ்னிலேண்ட் வித் தி டெத் பெனால்டி'. தலைப்பிலேயே தீர்ப்பு இருக்கிறது. ஒரு கணினி நிறுவனத்திடம் ஒரு நாட்டைக் கொடுத்தால் இப்படித்தான் நடத்தும் என்ற தொனி. எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது, அழுக்கும் நிழலும் இல்லை என்று அவருக்கு மூச்சு முட்டுகிறது. கடைசியில் ஹாங்காங் போய், இடிக்கப்படவிருந்த கௌலூன் வால்டு சிட்டியைப் பார்த்த பிறகுதான் ஆசுவாசம் வருகிறது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிச்சமில்லாத சந்துகளில் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. வாசிக்கச் சுவையான கட்டுரைதான். ஆனால் அந்த ஆசுவாசம் பார்க்க வந்தவருடையது. உள்ளே தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு நின்றவருக்கு அது கிடைத்திருக்காது.

ரெம் கூல்ஹாஸ் இன்னும் கனமான ஆள். 'எஸ், எம், எல், எக்ஸ்எல்' புத்தகத்தில் (1995) வரும் 'சிங்கப்பூர் சாங்லைன்ஸ்' கட்டுரையை எட்டாவது பிறந்தநாளில் கப்பலிலிருந்து முகர்ந்த துறைமுக வாசனையோடு தொடங்குகிறார். பல வருடம் கழித்துத் திரும்பி வரும்போது அந்த வாசனை இல்லை. பழையதைத் துடைத்தெடுத்துவிட்டு வெறும் பலகையில் மறுபடி மறுபடி எழுதும் நகரம் என்பது அவருடைய வாதம். கிப்சன் மாதிரி கேலி செய்துவிட்டு அவர் நகர்ந்துவிடவில்லை. இந்த வேகத்தையும் லட்சியத்தையும் மேற்குலகம் புரிந்துகொள்ளவே முயலவில்லை என்று கடிந்துகொள்கிறார். இருந்தாலும் 'வெறும் பலகை' என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் தீப்பிடித்து சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். ஒரு வருடத்துக்குள் அதே இடத்தில் அடுக்குமாடி வீடுகள் தயாராயின. அங்கே பலகையைத் துடைத்தது யார்? தீயா, திட்டமா? குடிசை எரிந்த பெண்ணுக்கு அந்த மின்தூக்கியும் குழாய்த் தண்ணீரும் எப்படித் தெரிந்திருக்கும்? கட்டடக் கலைஞரின் கட்டுரையில் அந்தப் பெண் பேசுவதில்லை.

உள்ளூரிலிருந்தே வந்த எதிர்ப்புக்குரல் போயி கிம் செங்கின் 'தி பிளானர்ஸ்' என்ற கவிதை. பல நாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் படித்துவிட்ட கவிதை. திட்டமிடுபவர்கள் பல் மருத்துவர்களைப் போல இடைவெளிகளை அடைத்து, பளபளப்பாக்கி, வலி தெரியாமல் மரத்துப்போகச் செய்கிறார்கள் என்பது அதன் மையப் படிமம். கவிஞனுக்கு எழுதக்கூட வரவில்லை. இந்த மனக்குறை உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. போயி 1997ல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். ஆனால் கவிதையாக அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதில் சாலைகள் உண்டு, கட்டடங்கள் உண்டு, கடலும் வானமும்கூட உண்டு. பெயரோடு, முகத்தோடு ஒரு மனுஷர் கிடையாது. திட்டமிடுபவர்கள் வரைபடத்தைப் பார்க்கிறார்கள், கவிஞரும் அதே வரைபடத்தைத்தான் பார்க்கிறார். அவர்கள் ரசிக்கிறார்கள், இவர் வருந்துகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்மாட்கள் எழுதும் பயணக் கட்டுரைகளும் இந்த வரிசையில் வரும், தலைகீழாக. சுத்தம், அபராதம், முஸ்தபா கடை, நேரத்துக்கு வரும் ரயில், 'நம்ம ஊர் எப்போ இப்படி ஆகும்' என்ற பெருமூச்சு. அங்கே சலிப்பு, இங்கே வியப்பு. இரண்டுமே விமானம் தரையிறங்கும்போது ஜன்னல் வழியே எடுத்த படங்கள்.

என் புகார் இந்த உயரத்தைப் பற்றித்தான். திட்டமிட்ட நகரத்தைத் திட்டத்தின் உயரத்திலிருந்தே விமர்சித்தால் கண்ணுக்குத் தெரிவதும் திட்டம் மட்டுமே. ஆர்தர் யாப் எழுதிய '2 மதர்ஸ் இன் எ எச் டி பி பிளேகிரவுண்ட்' இதற்கு நேர்மாறு. வீவக விளையாட்டுத் திடலில் இரண்டு அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சிங்கிலிஷில் பீற்றிக்கொள்கிறார்கள். கவிஞர் எதுவும் சொல்வதில்லை. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறார், அவ்வளவே. அந்தத் திடலை வரைந்தவர் அந்தப் பேச்சை வரையவில்லை. ஆனால் திடல் இல்லாமல் அந்தப் பேச்சும் இல்லை. இந்த நகரத்தை எழுத வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பேருந்து இன்டர்சேஞ்ச் அப்படிப்பட்ட ஒரு பெஞ்ச். 2002ல் தோ பாயோவில் முதல் குளிரூட்டப்பட்ட இன்டர்சேஞ்ச் திறந்த பிறகு, மேலே கடைத்தொகுதி, கீழே ரயில், நடுவில் பேருந்து என்று இப்போது பல பேட்டைகளில் ஒரே மாதிரி கட்டுகிறார்கள். ஏறும் இடம் தனி, இறங்கும் இடம் தனி, கண்ணாடிக் கதவு, தரையில் அம்புக்குறி. நான் குடியிருந்த ஈஷூனில் அப்போது பழையதை இடித்துவிட்டார்கள். 2015 முதல் 2019 வரை தற்காலிக இன்டர்சேஞ்ச்தான். எனக்கு அறை கொடுத்த ஆன்ட்டி அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். நான் வழி கேட்டால், "பழைய இன்டர்சேஞ்சுல எறங்கி நேரா நடந்து வா தம்பி" என்பார். "அது இப்ப பெரிய பள்ளம் ஆன்ட்டி" என்றால், "பள்ளம்னா என்ன, எடம் அங்கதானே இருக்கு?" என்பார். ஈஷூன் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நீ சூன்தான். அன்னாசியும் ரப்பரும் பயிரிட்ட லிம் நீ சூன் என்பவரின் பெயரை மாண்டரின் ஒலிப்பில் எழுதினால் ஈஷூன். புதுநகர் அந்த எழுத்தோடு வந்தது. ஆன்ட்டியின் நாக்கு அந்த மாற்றத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

இதை வயதானவர்களின் பிடிவாதம் என்று தள்ளிவிடக்கூடாது. 1980களில் தேக்கா சந்தை சாலைக்கு மறுபுறம் இடம் மாறியபோது பலகையில் மாண்டரின் ஒலிப்பில் 'ஜூஜியாவ்' என்று எழுதினார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் யார் வாயிலும் அது நுழையவில்லை. 2000ல் பலகையை மாற்றி மறுபடி தேக்கா ஆக்கினார்கள். இருபது வருடம் காய்கறி வாங்கப் போனவர்கள் திருத்திய பிழை அது. கூல்ஹாஸின் வெறும் பலகையில் இதற்கு எங்கே இடம்?

இங்கேயே நிறுத்தினால் கட்டுரை இனிமையாக முடிந்துவிடும். மேலே திட்டம், கீழே மக்கள், கடைசியில் மக்கள் ஜெயித்தார்கள். அப்படி முடிக்க முடியாததற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, இன்டர்சேஞ்ச் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மலாய்ப் பாட்டி, பின்னால் ஒரு சீனப் பையன், பக்கத்தில் ஆன்ட்டி என்று நான் ரசித்த கலவையே ஒரு திட்டம்தான். 1989லிருந்து ஒவ்வொரு புளோக்கிலும் பேட்டையிலும் எந்த இனத்தவர் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது. இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்குப் பேட்டையில் 12 விழுக்காடு, புளோக்கில் 15. வரம்பு நிரம்பிய புளோக்கில் சிறுபான்மையினர் வீட்டை விற்கப் போனால் வாங்குவோர் வட்டம் சுருங்கிவிடும். ஆன்ட்டி இதைப் பற்றி இரண்டு பக்கமும் பேசுவார். "கோட்டா இல்லேன்னா நம்மாளுங்க எல்லாம் ஒரே மூலையில கெடந்திருப்போம்" என்று காலையில் சொல்வார். சாயங்காலம் வீட்டு விலைப் பேச்சு வந்தால் அதே கோட்டாவைத் திட்டுவார். முரண்பாடு என்று எனக்குப் படவில்லை. திட்டத்துக்குள் வாழ்கிறவரின் முழு வாக்கியம் அது. கிப்சனிடமும் போயியிடமும் பாதி வாக்கியம்தான் கிடைக்கிறது.

இரண்டாவது காரணம், வரிசையில் நிற்காதவர்கள்.

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலை முனையில் ஒரு தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளி பேருந்துக்கு அடியில் சிக்கி இறந்தார். 33 வயது. அதன்பின் மூண்டது அந்த நகரம் நாற்பது வருடங்களுக்கு மேல் பார்த்திராத கலவரம். விசாரணைக் குழு, மது விற்பனைக் கட்டுப்பாடு என்று பிறகு நிறையப் பேசப்பட்டது. என் மனதில் நின்றது வேறொரு விவரம். அது தொழிலாளர்களைத் தங்கும் விடுதிக்குத் திருப்பிக் கொண்டுபோகும் தனியார் பேருந்து. எந்த இன்டர்சேஞ்சிலிருந்தும் கிளம்பும் பேருந்து கிடையாது. அதாவது இந்த நகரத்தில் போக்குவரத்து வலை ஒன்றல்ல, இரண்டு. 2020ல் கொரோனா விடுதிகளில் பரவியபோது தினசரி எண்ணிக்கையைச் சமூகத்தில் இவ்வளவு, விடுதிகளில் இவ்வளவு என்று பிரித்தே அறிவித்தார்கள். மருத்துவக் காரணம் இருக்கலாம். தரவு பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த இரண்டு பத்திகள் வேறு எதையோ சொல்லின.

இவர்களை எழுதியவர்கள் இவர்களேதான். 2014 முதல் அங்கே வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான கவிதைப் போட்டி நடந்தது. வங்கதேசத் தொழிலாளர்களான முகமது முகுல் ஹொசைனின் 'மீ மைக்ரண்ட்' 2016லும், முகமது ஷரீஃப் உதினின் 'ஸ்ட்ரேஞ்சர் டு மைசெல்ஃப்' 2017லும் வந்தன. இயோ சியூ ஹுவாவின் 'எ லேண்ட் இமேஜின்ட்' (2018) படத்தில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் இடத்தில் ஒரு தொழிலாளி காணாமல் போகிறார், ஒரு காவலர் தேடுகிறார். இவற்றைப் படித்த, பார்த்த பிறகுதான் கிப்சனின் பெரிய குறை எனக்கு விளங்கியது. நகரத்தில் நிழலே இல்லை என்றார். நிழல் இருந்தது. காலை ஆறரை மணிக்கு அவர் சாலையில் நிற்கவில்லை.

நானும்தான் நிற்கவில்லை. தினமும் இரட்டைமாடிப் பேருந்தில் மேல்தளத்தின் முன்சீட்டைப் பிடிப்பேன். ஒருநாள் சிக்னலில் பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. பின்னால் திறந்த தட்டில் பன்னிரண்டு பேர், முழங்காலைக் கட்டிக்கொண்டு. அவர்களில் ஒருவர் அண்ணாந்து பார்த்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குளிர்சாதனம். என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை. தமிழாகத்தான் இருக்கும் என்று எதை வைத்தோ முடிவு செய்துகொண்டேன். பச்சை விழுந்தது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் டீக்கடை மேசையைப் பகிர்ந்துகொண்ட ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். புதுக்கோட்டைப் பக்கம். வந்து ஆறு வருடம் என்றார். எந்த ஏரியா, எந்த ஸ்டாப் என்று என் வழக்கப்படி கேட்டேன்.

"ஸ்டாப்பா? ஞாயித்துக்கெழமை மட்டுந்தான் தம்பி பஸ்ஸு. மத்த நாளு லாரி எங்க நிக்குதோ அதான் ஸ்டாப்பு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க கம்ப்யூட்டர் வேலையா?" என்று கேட்டார்.

அன்று இரவு அந்தப் புள்ளிப் படத்தைத் திறந்து பார்த்தேன். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். எல்லாம் சரியாகவே இருந்தன, ஒன்றுகூடத் தவறில்லை. லாரி நிற்கும் இடங்களுக்குக் குறியெண் கிடையாது, அதனால் தரவில் இல்லை, அதனால் படத்திலும் இல்லை. அவை எதற்கு எதிரில், எதற்கு முன்பு, எதற்குப் பின்பு என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. முகப்புப் படத்தை மாற்றிவிட்டேன். மறுநாளிலிருந்து கீழ்தளத்தில் உட்கார ஆரம்பித்தேன். அதனால் எதுவும் மாறிவிடவில்லை. லாரியின் பின்தட்டு கீழ்தள ஜன்னலின் உயரத்திலேயே வரும். சிக்னலில் நிற்கும்போது பார்க்காத மாதிரி இருப்பது கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான்.