டீசல் தட்டும் ஏழு கணக்கும்

பட்டறையை வைத்து எழுதுகிற கதைகளில் ஒரு இடம் தவறாமல் வந்துவிடும். கிரீஸ் அப்பிய முகங்கள் வரிசையாக நிற்கும். அந்தக் கறுப்பில் இன்னார் இன்னாரென்று பிரித்துச் சொல்ல முடியாது. எந்திரத்துக்குச் சாதி தெரியாது என்ற அர்த்தத்தில் கதை முடியும். நம்முடைய முற்போக்கு விமர்சகர்களும் அந்த இடத்தில்தான் கோடு போட்டுப் பாராட்டுவார்கள். எனக்கோ படித்தவுடனே தெரிந்துவிடும், இதை எழுதினவர் சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டறைக் குழாயடியில் நின்றவரில்லை என்று. சோப்புத்தூள் டப்பா எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகுது, யாருக்கு அது போகாம நின்னுடுது, யார் கடைசியா கழுவுறான்னு அங்க பார்க்கணும். கிரீஸ் போனதும் முகம் தெரியும். முகம் தெரியறதுக்கு முன்னாடியே ஊர் தெரிஞ்சிருக்கும்.

ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்துவிட்டு 1992இல் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். கிரானைட் குவாரிகளை நம்பி நடந்த பட்டறை. பேரு வேண்டாம். புல்டோசர், பொக்லைன், டிப்பர் எல்லாம் வரும். முதல் நாள் மேஸ்திரி கேட்டார்: "எந்த ஊரு?" சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" அதையும் சொன்னேன். இந்த ரெண்டாவது கேள்வி எதுக்குன்னு நம்ம ஆளுங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "சரி, அந்த டீசல் தட்ட எடுத்துக்க" என்றார். அந்தத் தட்டோடு பதினாலு மாசம் இருந்தேன்.

டீசல் தட்டுன்னா கழற்றின சாமான்களைப் போட்டுக் கழுவுற தகரத் தட்டு. பயிற்சிக்கு வருகிற எவனும் அதில்தான் தொடங்குவான், அது நியாயம்தான். கழுவும்போதுதான் எந்தச் சாமான் எங்கே தேய்ஞ்சிருக்குன்னு கை படிக்கும். என் குறை அதில்லை. எனக்கு ஆறு மாசம் பின்னால் சேர்ந்த பையன் மூன்றே வாரத்தில் தட்டை விட்டு எழுந்துவிட்டான். நான் தட்டிலிருந்து நகர்ந்தபோதெல்லாம் வண்டிக்கு அடியில்தான் போனேன். சேறு இறுகிப்போன டிராக் சங்கிலி, ரோலர், ஐட்லர் எல்லாம் என் பங்கு. மேலே இருக்கிற எஞ்சின் அவன் பங்கு. ஊருக்கு வெளியே சேரி இருக்கிற மாதிரி வண்டிக்கும் ஒரு கீழ்ப்பக்கம் இருந்தது.

பட்டறைக்குள் கண்ணாடி போட்ட ஒரு அறை உண்டு. ஹைட்ராலிக் பம்பு, வால்வு பிளாக் எல்லாம் அங்கேதான் பிரிப்பார்கள். தூசி ஆகாது என்பது உண்மையான காரணம். வால்வுக்குள் ஓடுகிற ஸ்பூலுக்கும் அதன் துளைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான். பொடி மணல் உள்ளே போனால் கீறிவிடும், ஸ்பூல் சிக்கும், பக்கெட் சொன்ன பேச்சைக் கேட்காது. எனவே அங்கே சுத்தம் என்பது அளந்து சொல்லக்கூடிய ஒன்று. அந்த வார்த்தையைத்தான் மேஸ்திரி பிடித்துக்கொண்டார். ஒருநாள் நான் உள்ளே கால் வைத்தபோது, "கை சுத்தமில்ல, வெளியில நில்லு" என்றார். காலையிலிருந்து டீசலில் கழுவிக் கழுவி வெளுத்துப்போன கை என்னுடையது. உள்ளே நின்ற பையனின் நகத்தில் கிரீஸ் இருந்தது. சாதிப்பேரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சுத்தம் என்கிற வார்த்தை இருக்கும்போது அது எதற்கு?

இப்போது தொழிற்பயிற்சிப் புத்தகங்களின் மொழிக்கு வருவோம். அதையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். கழற்றவும், கழுவவும், துடைக்கவும், பூட்டவும் என்றே போகும். எல்லாம் வினை, செய்கிறவன் இல்லை. யார் கழுவவும், யார் பூட்டவும்? புத்தகம் அதைச் சொல்லாது. கழுவவும் என்பதிலிருந்து பூட்டவும் என்பதற்குப் புத்தகத்தில் ஒரு காற்புள்ளி தூரம்தான். எனக்கு அது பதினாலு மாசம். சட்டமும் இதே மொழிதான் பேசும். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தில் 1973இல் திருத்தம் செய்து தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடிகளுக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கினார்கள். நல்லது. ஆனால் இடத்தைத்தான் எண்ண முடியும். அந்த இடத்தில் நிற்கிறவன் கையில் ஃபீலர் கேஜ் இருக்கா, பனியன் வேஸ்ட் இருக்கான்னு எந்த ரிஜிஸ்டரிலும் எழுத மாட்டார்கள்.

நவீனத் தொழில் வந்தால் பரம்பரை வேலைப்பிரிவினை கரையும், அதன்மேல் நிற்கிற சாதியும் கரையும் என்று 1853இல் மார்க்ஸ் எழுதினார். ரயிலை மனசில் வைத்து எழுதினது. லண்டனில் உட்கார்ந்து அவர் அப்படி நம்பினதில் தப்பில்லை. ஆனால் 1938 பிப்ரவரியில் மன்மாடில், ரயில்வேயில் வேலை செய்த தாழ்த்தப்பட்ட தொழிலாளர்கள் மாநாட்டில் அம்பேத்கர் பேசினது அந்த ரயிலைப் பற்றித்தான். நம் ஆட்கள் கேங்மேனாகவே கிடக்கிறார்கள், ரயில்வே பட்டறைகளில் மெக்கானிக்காக இருப்பதே அபூர்வம் என்று கணக்குச் சொன்னார். பம்பாய் மில்களின் நெசவுப் பிரிவுக்குள் நம்மை விடாத கதையும் தெரிந்ததுதான். நூலில் எச்சில் படுமே! எண்பது வருஷத்துக்கு மேலாக இந்தப் பேச்சு அச்சில் இருக்கிறது. நம் கதாசிரியர்கள் இன்னும் 1853லேயே நிற்கிறார்கள்.

சொல்லித்தராமல் விடுவது அவமானம் மட்டுமில்லை, ஆபத்து. ஓடிக்கொண்டிருந்த பொக்லைனில் ஹோஸ் எங்கேயோ கசிகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். கையால் தடவப் போனேன். வெல்டர் பாய் ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "அட்டைய வச்சுப் பாருடா. கைய வச்சா தோலுக்குள்ள பூந்துடும்." லாரி டயரில் இருக்கிற காற்று சதுர சென்டிமீட்டருக்கு 7, 8 கிலோ. இந்த எண்ணெயில் 300 கிலோவுக்கும் மேலே. ஊசித்துளையில் வருவது கண்ணுக்குத் தெரியாது. உள்ளே போனால் சின்னப் புள்ளிதான் தெரியும், கையே போய்விடும். எஞ்சினை நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் இறக்கி, லீவரை ஆட்டி அழுத்தத்தை விடாமல் ஹோஸில் கை வைக்கக்கூடாது. மேஸ்திரிக்கு இது தெரியும். உள்ளே நின்ற பையனுக்கும் சொல்லியிருந்தார். எனக்கு வெல்டர் பாய் சொல்ல வேண்டியிருந்தது.

டாப்பெட் வைக்கிறதை நான் திருடித்தான் கற்றேன். ராக்கர் கவரைக் கழுவுகிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மேஸ்திரி எஞ்சினைத் திருப்புவார். ஆறாவது சிலிண்டரின் ரெண்டு வால்வும் சேர்ந்து ஆடுகிறபோது ஒன்றாவதுக்கு கேஜ் விடுவார். ரெண்டாவது ஆடினால் அஞ்சாவது. நாலாவது ஆடினால் மூணாவது. எதுக்கு எதுன்னு புரியவில்லை. தட்டின் அடிப்புறத்தில் ஆணியால் கீறி வைத்தேன். ஒருநாள் ராத்திரி கூட்டிப் பார்த்தேன். ஆறும் ஒண்ணும் ஏழு. ரெண்டும் அஞ்சும் ஏழு. நாலும் மூணும் ஏழு. 1-5-3-6-2-4 என்று நெருப்பு ஓடுகிற ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஜோடி எப்போதும் ஏழுதான். அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல.

பிறகு ஒரு மழைநாளில் மேஸ்திரி வரவில்லை. குவாரிக்காரன் கத்தினான். பன்னிரண்டு வால்வையும் நானே வைத்தேன். எஞ்சின் சுத்தமாக ஓடியது. மறுநாள் வந்தவர் கவரைத் திறந்து ஒவ்வொன்றாக கேஜ் விட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்த பன்னிரண்டையும் தளர்த்தி, எல்லார் முன்னாடியும் அதே அளவுக்கு மறுபடி வைத்தார். எங்க ஊர்க் கோயிலில் நாங்கள் நுழைந்த மறுநாள் என்ன செய்தார்களோ அதுதான்.

இதையெல்லாம் எழுதும்போது நம் எழுத்தின் மேலும் ஒரு கோபம் வருகிறது. தலித் தன்வரலாறுகளில் அடி இருக்கு, பசி இருக்கு, மலம் இருக்கு. வேலையும் இருக்கு, ஆனால் இழிவாக மட்டும்தான் இருக்கு. தோல் பதம் பார்க்கிற விரல், வார் பிடிக்கிற பக்குவம், இந்த ஏழு கணக்கு, இதுக்கெல்லாம் ரெண்டு வரி கிடைப்பதில்லை. காயத்தை மட்டும் காட்டினால் படிக்கிறவன் பரிதாபப்படுவான், நமக்கு ஒன்றும் தெரியாது என்கிற அவன் நினைப்பு அப்படியே இருக்கும். ஏரிப் புறம்போக்கில் எங்கள் குடிசையைத் தள்ள வருகிற பொக்லைனைக்கூட எங்க பையன் ஒருத்தன்தான் ஓட வைத்து அனுப்பியிருப்பான். அவனுக்கு என்ன தெரியும் என்று எழுதிய கதை எனக்குக் கண்ணில் படவில்லை.

இப்போது என் தங்கச்சி மகன் ஒரு பட்டறையில் பயிற்சியில் இருக்கிறான். எஞ்சினில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கோளாறைச் சொல்லுகிற கருவி ஆபீஸ் பீரோவில் பூட்டி இருக்கிறதாம், பாஸ்வேர்டு ரெண்டு பேருக்குத்தான் தெரியுமாம். போன ஞாயிற்றுக்கிழமை வந்தவன் கேட்டான்: "மாமா, நீ சொன்ன ஏழு கணக்கு இந்தப் புது எஞ்சின்லயும் வருமா?" ஆறு சிலிண்டரா என்று கேட்டேன். ஆமா என்றான். "வரும். ஆனா ஃபயரிங் ஆர்டரை மொதல்ல பாத்துக்க. வால்வு சிலிண்டருக்கு நாலு இருக்கும், எண்ணிக்க" என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டான்.