பிரதேசவாதம் என்னும் பழிச்சொல்: வேட்பாளர் மதிப்பீடு பற்றிய ஒரு நோக்கு

பிரதேசவாதம் என்பது எமது அரசியல் உரையாடலில் ஒரு கருத்தைக் குறிக்கும் சொல்லாக அன்றி, ஒரு பழிச்சொல்லாகவே பெரிதும் வழங்கி வருகின்றது. தேர்தற் காலத்தில் அது மேடையேறும். முடிவுகள் வெளிவந்தபின் அவற்றுக்கு விளக்கங் கூறும் பத்தியெழுத்துக்களில் இடம்பிடிக்கும். ஆயின், அச்சொல் யாரை நோக்கி எறியப்படுகின்றது என்று நின்று நோக்குவார் சிலரே. மட்டக்களப்பு வாக்காளர் தம் மண்ணிற் பிறந்தவரை விரும்பித் தெரிந்தால் அது பிரதேசவாதம் எனப்படும். யாழ்ப்பாண வாக்காளர் அதனையே செய்தால் அதற்குத் தனியாக ஒரு பெயரில்லை. இப்பெயரின்மையே எனது ஐயத்திற்கு இடமாயிற்று.

இழிவுரைகளுக்கு எம்மிடையே என்றும் பஞ்சமிருந்ததில்லை. மட்டக்களப்புக்குப் போனவரைப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்பது யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருவது. மந்திரம், சோம்பல், வெகுளித்தனம் யாவும் அவ்வொரு தொடரில் அடங்கிவிடுகின்றன. மறுபுறத்தில், 'பனங்கொட்டை' என்ற ஒரே சொல்லால் யாழ்ப்பாணத்தவரின் சிக்கனமும் தந்திரமும் தன்னலமும் சேர்த்துச் சுட்டப்படும். தீவார், வன்னியார், தோட்டக்காட்டார் என இப்பட்டியல் மேலும் விரியும். பல்கலைக்கழக விடுதியிலே ஓராண்டு வாழ்ந்தவர்க்கு அதனை விரித்துரைக்க வேண்டிய தேவையில்லை.

இவ்வுரைகள் வானத்திலிருந்து வீழ்ந்தவை அல்ல. நீர்வளங் குறைந்த குடாநாட்டில் துண்டு துண்டான காணிகளை நம்பி வாழ்ந்த சமூகம் ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிசனரிமார் நிறுவிய பாடசாலைகளின் வழியே ஆங்கிலக் கல்வியையும் அதன் வழியே அரசாங்க உத்தியோகத்தையும் பற்றிக்கொண்டது. வயல்வளம் மிக்க கிழக்கிலே அத்தகைய நெருக்குதல் இருக்கவில்லை. எனவே யாழ்ப்பாணத்தவர் கிழக்கிற்கு ஆசிரியராக, எழுதுவினைஞராக, அதிகாரியாகச் சென்றனர். இருபகுதித் தமிழரும் ஒருவரையொருவர் முதன்முதலாக நெருங்கிக் கண்டது கந்தோர் மேசையின் இருபுறத்திலுமே. மேசைக்கு அப்பாலிருந்தவருக்கு இப்பாலிருந்தவர் சோம்பேறியாகத் தோன்றினார். இப்பாலிருந்தவருக்கு அப்பாலிருந்தவர் கர்வியாகத் தோன்றினார். பாயின் கதையும் அவ்வாறே. உத்தியோகம் பார்க்கச் சென்ற மகன் அங்கேயே மணம்முடித்துத் தங்கிவிட்டால், பேசிவைத்த சீதனம் கைநழுவிய தாய்க்கு மகனைக் காட்டிலும் மந்திரத்தைக் குறைகூறுவது எளிதன்றோ?

வாழ்க்கையில் இவை வேடிக்கைப் பேச்சாக நின்றுவிடக்கூடும். வாக்குச்சீட்டிற்குள் நுழையும்போதோ இவற்றின் தன்மை மாறுகின்றது. ஒரு வேட்பாளர் இதுவரை செய்தது யாது, சொன்னது யாது என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட்டு, இனி அவர் செய்யப்போவது அவரது ஊர்ப்பெயரிலிருந்து முன்கூட்டியே வருவிக்கப்படுகின்றது. கிழக்கிலிருந்து வந்தவராயின் 'இவர் விலைபோவார்'. வடக்கிலிருந்து வந்தவராயின் 'இவர் எம்மை மிதிப்பார்'.

'விலைபோதல்' என்ற குற்றச்சாட்டை வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1977ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பிற் பொத்துவிலில் தெரிவான எம். கனகரத்தினமும், மட்டக்களப்பிலே தெரிவான செ. இராசதுரையும் பின்னர் ஐக்கிய தேசியக் கட்சிக்கு மாறினர். இராசதுரை 1956 முதல் மட்டக்களப்பைப் பிரதிநிதித்துவஞ் செய்து வந்தவர்; 1979இல் மாறிச்சென்று பிரதேச அபிவிருத்தி அமைச்சரானார். 1977இல் அதே தொகுதியிலே தமிழரசுக் கட்சியின் பெயரிற் காசி ஆனந்தனும் நிறுத்தப்பட்டமை, அவருக்கும் தலைமைக்கும் இடையிலான பிளவைப் பெரிதாக்கிற்று. இவ்விருவரின் மாற்றம் கிழக்கின் இயல்புக்குச் சான்றாக இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகின்றது.

ஆயின், இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1970இல் வட்டுக்கோட்டையில் அ. அமிர்தலிங்கத்தைத் தோற்கடித்துத் தெரிவான ஆ. தியாகராசாவும், நல்லூரிலே தெரிவான சி. அருளம்பலமும் அன்றைய அரசாங்கத்தின் பக்கஞ் சேர்ந்து 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பை ஆதரித்தனர். அவர்களும் கடுமையாகக் கண்டிக்கப்பட்டனர். எனினும் அக்கண்டனம் அவர்கள் மீது மட்டுமே விழுந்தது. வட்டுக்கோட்டை மண்ணின் குணம் இது என எவரும் எழுதியதாக யான் அறியேன். வடக்கில் மாறியவர் தனிமனிதர். கிழக்கில் மாறியவர் ஒரு பிரதேசம். துவேஷத்தின் இலக்கணம் முழுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

இது பழங்கதை என்று கூறுவார்க்கு 2020ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலைக் காட்டலாம். மட்டக்களப்பு மாவட்டத்திலே அதிகூடிய விருப்பு வாக்குகளைப் பெற்றவர் அரசாங்கத்தை ஆதரித்த சிவநேசதுரை சந்திரகாந்தன். யாழ்ப்பாண மாவட்டத்திலே அதிகூடிய விருப்பு வாக்குகளைப் பெற்றவர் சிறீ லங்கா சுதந்திரக் கட்சியின் அங்கஜன் இராமநாதன். இரு மாவட்டங்களும் ஏறத்தாழ ஒன்றையே செய்தன. விளக்கங்களோ ஒன்றாக இருக்கவில்லை. யாழ்ப்பாண முடிவுக்கு வேலையின்மை, இளைஞரின் சலிப்பு, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் உட்பூசல் முதலிய காரணங்கள் தேடப்பட்டன. மட்டக்களப்பு முடிவுக்குக் காரணம் தேடப்படவில்லை. பிரதேசவாதம் என்ற சொல்லே போதுமாயிற்று. ஒரு சாராரின் நடத்தையைச் சூழ்நிலையாலும், மறு சாராரின் நடத்தையைப் பிறவிக்குணத்தாலும் விளக்குவது ஆராய்ச்சியாகாது.

இவ்வாறு கூறுவதால் கிழக்கின் வாக்காளரை முற்றாக விடுவித்துவிடலும் ஆகாது. அவ்வேட்பாளர், மட்டக்களப்பின் சொந்தப் பாராளுமன்ற உறுப்பினராயிருந்து 2005ஆம் ஆண்டு நத்தார் ஆராதனையின்போது சுட்டுக்கொல்லப்பட்ட ஜோசப் பரராஜசிங்கத்தின் கொலை வழக்கில் விளக்கமறியலில் இருந்தபோதே வெற்றியீட்டினார். அவ்வழக்கிலிருந்து அவர் 2021இல் விடுவிக்கப்பட்டார். வாக்களித்த நாளில் அவ்வழக்கு நிலுவையில் இருந்தது. கொல்லப்பட்டவரும் கிழக்கின் மைந்தரே. எனினும் அவ்வினாவை எழுப்பியவர்களை 'யாழ்ப்பாணத்தாரின் பேச்சு' என்று ஒதுக்கித் தள்ளுவது பலருக்கு எளிதாயிருந்தது. ஊர்ப்பெயர் ஈண்டுக் கேடயமாயிற்று. வடக்கின் ஏளனம் ஆழமாகப் பதிந்திராவிடின் அக்கேடயம் இத்துணை வலிமை பெற்றிராது என்பது என் கருத்து. 2004 மார்ச்சில் விடுதலைப் புலிகள் இயக்கம் பிளவுண்டபோது முன்வைக்கப்பட்ட நியாயங்களும் இவ்வேளனத்தின் நினைவிலிருந்தே ஆதரவைத் திரட்டின.

பிரதேச நலன் வேறு, பிரதேசத் துவேஷம் வேறு. 1974இல் மாவட்டக் கோட்டா முறை பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்டபோது யாழ்ப்பாண மாணவர் இழந்தனர். மட்டக்களப்பு, மன்னார் போன்ற மாவட்டங்களின் மாணவர்க்கு அது வாசலைத் திறந்தது. அவ்விடயத்தில் இரு பகுதியினரும் ஒரே கருத்தைக் கொண்டிருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமன்று. அவ்வாறே, மயிலத்தமடு மேய்ச்சற்றரை பற்றி உமக்கு என்ன தெரியும் என்று ஒரு வேட்பாளரிடம் வினவும் கால்நடை வளர்ப்பாளரைப் பிரதேசவாதி என்பதும் பொருந்தாது. அவர் வேட்பாளரின் பிறப்பிடத்தை அன்று, அறிவையே சோதிக்கின்றார்.

பிறப்பிடம் உண்மையிலேயே வாக்காளரின் அளவுகோலாக இருந்ததா என்பதும் ஐயத்திற்குரியது. சா. ஜே. வே. செல்வநாயகம் மலாயாவின் ஈப்போவிற் பிறந்தவர். தெல்லிப்பழையில் வேர் உடையவராயினும் கொழும்பிலே தொழில் புரிந்தவர். சைவர் மிகுந்த காங்கேசன்துறையிலே போட்டியிட்ட கிறித்தவர். 1952இல் அவரைத் தோற்கடித்த சு. நடேசபிள்ளையோ தமிழகத்திலிருந்து வந்தவர். 2013ஆம் ஆண்டு வடமாகாண சபைத் தேர்தலில், வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொழும்பிலே கழித்த சி. வி. விக்னேஸ்வரனுக்கு யாழ்ப்பாண மாவட்டம் 132,255 விருப்பு வாக்குகளை அள்ளிக்கொடுத்தது. அவரது கொழும்பு வாழ்வு அன்று அறிவுக்கும் கண்ணியத்திற்கும் அடையாளமாயிற்று. எம். ஏ. சுமந்திரனை விரும்பாதோர்க்கு அதே கொழும்பு வாழ்வு அந்நியத்தின் அடையாளமாயிற்று. சுமந்திரனின் அரசியலை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. அதற்கு நிரம்பக் காரணங்களும் உண்டு. ஆனால் ஒருவரிடம் தகுதியாகக் கொள்ளப்பட்டது மற்றவரிடம் குற்றமாகுமாயின், ஊர் தீர்ப்புக்குக் காரணமன்று. வேறெங்கோ எழுதி முடிக்கப்பட்ட தீர்ப்பின் மேலுறை.

2024ஆம் ஆண்டின் இரு தேர்தல்களும் எல்லோரது வாய்ப்பாட்டையும் கலைத்துப் போட்டன. செப்டெம்பரில் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலிலே தமிழ்ப் பொதுவேட்பாளராக நின்றவர் மட்டக்களப்பைச் சேர்ந்த பா. அரியநேத்திரன். அவர் பெற்ற 226,343 வாக்குகளில் ஏறத்தாழப் பாதி யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து வந்தது. அவரது சொந்த மாவட்டம் அவரிலும் பன்மடங்கு வாக்குகளைச் சஜித் பிரேமதாசவுக்கு வழங்கிற்று. நவம்பர்ப் பொதுத்தேர்தலிலோ தெற்கைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத்தின் 6 ஆசனங்களில் 3ஐக் கைப்பற்றி முதலிடம் பெற்றது. நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் அக்கட்சி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. அங்கே 5 ஆசனங்களில் 3 தமிழரசுக் கட்சிக்குச் சென்றன.

அதன்பின் எழுந்த பேச்சு கவனிக்கத்தக்கது. கிழக்கு 'மானங் காத்தது' எனப் பாராட்டுகள் குவிந்தன. நான்காண்டுகளுக்கு முன் அதே மாவட்டத்தைப் பழித்தவர் சிலரும் அவ்வரிசையில் நின்றனர். பழித்தபோது வாக்காளரிடம் காரணங் கேளாதவர்கள் பாராட்டும்போதும் கேட்கவில்லை. அம்மூன்று உறுப்பினரைத் தெரிந்தவர்கள் காணியைக் கருதித் தெரிந்தனரா, வேட்பாளரின் தனிப்பட்ட உழைப்பைக் கருதினரா, மாற்றுக் கட்சிகளின் மீதான சலிப்பாலா, அயலிலுள்ள முஸ்லிம் வாக்குகளின் கணக்கை மனத்திற் கொண்டா என்பன இன்னும் விசாரிக்கப்படாமலே கிடக்கின்றன.