துருத்தியும் வாவியும்
குருக்கள்மடத்துத் துறையில் வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குப் போகும் மிதவைப் பாதைக்காக நிற்கும்போதெல்லாம் எனக்குப் போலின் ஒலிவெரோஸின் ஞாபகம் வரும். 1932இல் டெக்சாஸில் பிறந்தவர். அக்கோடியன் கலைஞர், இசையமைப்பாளர். அக்கோடியனும் நம்முடைய ஆர்மோனியமும் ஒரே குடும்பம். இரண்டிலும் துருத்திக் காற்றில் உலோக நாக்குத்தான் அதிர்கிறது. ஆர்மோனியம் தரையில் குந்தியிருக்கும். அக்கோடியனோ நெஞ்சில் தொங்கி, வாசிப்பவரோடு சேர்ந்து மூச்சுவிடும்.

இருபத்தோராம் பிறந்தநாளுக்குத் தாய் கொடுத்த ஒலிப்பதிவுக் கருவியை அவர் ஜன்னலில் வைத்தார். போட்டுக் கேட்டால், தன் காது தவறவிட்ட சத்தங்களும் அதில் இருந்தன. பிறகு எல்லாவற்றையும் கேட்பதே சாதகமாயிற்று.

1988இல் வாஷிங்டன் மாநிலத்தில், வெறுமையாய்க் கிடந்த நிலத்தடி நீர்த்தொட்டி ஒன்றுக்குள் அக்கோடியனோடு இறங்கினார். கூட இருவர். அங்கே ஒரு சத்தம் அடங்க ஏறத்தாழ 45 செக்கன் எடுக்கும். அவசரக்காரன் வாசித்தால் எல்லாம் கூழாகிவிடும். ஒரு சுரத்தை விட்டு, அது சுவரெல்லாம் சுற்றி வரும்வரை பொறுத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பொறுமைதான். தொட்டியே நாலாவது வித்துவான்.

எங்கள் வாவியும் பாடும் என்பார்கள். அதைக் கேட்கக் கல்லடிப் பாலத்தடியில் பூரணை இரவில் துடுப்பை நீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைப்பார்கள். பாடுவது மீனா மட்டியா என்ற வழக்கு இருக்கட்டும். ஒலிவெரோஸ் 2016இல் காலமானார். அந்தத் துடுப்பை அவர் கையில் கொடுத்திருக்கலாம்.

பாதை கரை தட்டுகிறது.