நார் அறாத கரண்டி: கைச்செதுக்கு மரபுகளும் அவற்றின் தரமும்

தேர் செய்தவரையும் கோயில் கதவு செய்தவரையும் நாம் பெயர் சொல்லிப் போற்றுகிறோம். கரண்டி செதுக்கியவரை யாரும் கேட்பதில்லை. ஆனால் கதவுக்கு உலர்ந்த பலகையை அளந்து அறுத்துப் பூட்டினால் போதும். கொதிக்கும் குழம்பில் மூழ்கி, சட்டியின் அடியைத் துழாவி, நாள்தோறும் நனைந்து காய்ந்து, பல ஆண்டு முறியாமல் நிற்க வேண்டிய கரண்டிக்கு மரத்தின் உள்ளோட்டமே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் கரண்டி மரபு வேரூன்றிய இடங்களில் எல்லாம் அதற்கென்று மரத்தேர்வும் அளவும் ஒழுங்கும் வளர்ந்திருக்கின்றன. அந்த மரபுகளில் சிலவற்றை வரிசைப்படுத்தி, பினாங்கில் வாழும் நாம் எந்த அளவுகோலைக் கைக்கொள்ளலாம் என்று ஆராய்வதே இக்கட்டுரை.

பச்சை மரத்தின் நியாயம்

அண்மையில் வெட்டிய மரத்தில் நீர் நிறைந்திருக்கும். நார் இளகி, கத்திக்கு வழிவிடும். அதே மரம் காய்ந்துவிட்டால் உளியும் கொட்டாப்புளியும் இல்லாமல் வேலை நடக்காது. ஈரம் வடியும்போது மரம் சுருங்கும். அந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இராது. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. உருண்டைக் கட்டையை அப்படியே போட்டுவைத்தால் வெடிப்பது இதனால்தான்.

ஆகவே கட்டையைக் கோடாரியால் நடுவே பிளந்து, நடுவிலுள்ள மென்மையான சோற்றுப் பகுதியை நீக்கிவிடுவார்கள். ரம்பம் நாரைப் பாராமல் நேரே அறுத்துக்கொண்டு போகும். பிளவோ நார் போகும் வழியே போகும். குழிவிலிருந்து காம்பு நுனிவரை நார் அறாமல் ஓடினால், மெலிந்த கரண்டியும் தாங்கும். கழுத்தில் நார் குறுக்கே அறுபட்டால், தடித்த கரண்டியும் அங்கேதான் முறியும். எல்லா மரபுகளுக்கும் பொதுவான முதல் தரம் இது.

வடக்கின் கத்தி மரபு

இன்று உலகெங்கும் பச்சை மரக் கரண்டி பயில்வோர் பெரும்பாலும் ஸ்வீடனின் வழியைப் பின்பற்றுகிறார்கள். அங்கே மரம் பிர்ச். கருவிகள் கோடாரி, நேர்கத்தி, வளைகத்தி என்ற மூன்று. வடநாடுகள் கைவேலையைக் கல்வியாகவே மதித்தன. பின்லாந்து 1866இல் அதைப் பள்ளிப் பாடமாக்கியது. ஸ்வீடனின் நேஸ் என்னும் ஊரில் ஓட்டோ சாலமன் நடத்திய பயிற்சிக்கூடத்துக்குப் பல நாட்டு ஆசிரியர்கள் வந்து கற்றுச் சென்றார்கள். பின்னாளில் காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும், கைத்தொழில் வழியே அறிவு வளரும் என்ற இதே நம்பிக்கையில் நின்றது.

இந்த மரபை எழுத்தில் நிலைநிறுத்தியவர் வில்லே சுண்ட்குவிஸ்ட் (1925–2018). கத்தியாலும் கோடாரியாலும் செதுக்குவதைப் பற்றி 1988இல் அவர் வெளியிட்ட நூல் பலருக்குப் பாடநூலாயிற்று. இம்மரபின் நுட்பம் வளைந்த கிளையில் இருக்கிறது. தண்டிலிருந்து கிளை பிரியும் இடத்தில் நாரும் கிளையோடு சேர்ந்து வளையும். அந்த வளைவையே கரண்டியின் கழுத்தாக வைத்துக்கொண்டால், குழிவு தாழ்ந்தும் காம்பு உயர்ந்தும் அமையும். நார் ஓரிடத்திலும் அறாது. கத்தி கடைசியாகச் சீவிய முகமே கரண்டியின் இறுதி முகம் என்பது இவர்களில் பலரின் கொள்கை. உப்புத்தாள் தேய்த்த முகம் தண்ணீர் பட்டதும் பிசிர் எழும்பிச் சொரசொரக்கும். கூரிய கத்தி விட்ட முகம் வழவழப்பாகவே நிற்கும்.

வேல்ஸ், செம்யோனொவ், உதயகிரி

வேல்ஸ் நாட்டு இளைஞர்கள் தாம் விரும்பிய பெண்ணுக்குச் செதுக்கிக் கொடுத்த காதல் கரண்டிகள் பெயர் பெற்றவை. 1667ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட ஒன்று அந்நாட்டின் செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சங்கிலியும் கூண்டுக்குள் உருளும் மரக்குண்டும் ஒரே கட்டையிலிருந்து, ஒட்டில்லாமல் வர வேண்டும். செதுக்கியவனின் பொறுமைக்கு அதுவே சான்று. ரஷ்யாவின் செம்யோனொவில் கரண்டி ஓர் ஊரின் தொழில். ஒருவர் பிளக்க, ஒருவர் உருவெடுக்க, ஒருவர் குழிவைச் சுரண்ட, வேறொருவர் வண்ணம் தீட்ட என வேலை கைமாறும். அங்கே தரம் என்பது ஒன்றுபோல் ஒன்று அமைவது.

இந்தியாவில் கரண்டிக்கென்றே பெயர் பெற்ற ஊர் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்து உதயகிரி. சுற்றியுள்ள மலைக்காடுகளின் மரத்தில் கரண்டிகளும் முட்கரண்டிகளும் செதுக்கி, காம்பில் நுண்ணிய பின்னல் வேலை காட்டுவது அவ்வூர் வழக்கம். அவ்வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சமையல் கரண்டிக்கு வேண்டிய முரட்டு வலிமையை விட, பரிமாறும் கரண்டிக்குரிய நயமே அங்கே முதன்மை பெறுகிறது.

வேள்விக் கரண்டிகளின் இலக்கணம்

மரக்கரண்டிக்கு நம்மிடம் மிகப் பழைய எழுத்து இலக்கணம் ஒன்று உண்டு. அது வேள்விச் சாலையில் இருக்கிறது. நெய் சொரியும் சுருவத்துக்குக் கருங்காலி, சுகூ என்னும் கரண்டிக்குப் பலாசு, உபபிருத்துக்கு அரசு என்று வேள்வி நூல்கள் கரண்டிக்குக் கரண்டி மரத்தை வகுத்தன. சுருவத்தின் நீளம் ஒரு முழம். குழி கட்டைவிரல் கணு அளவு. சுகூவின் குழிவு உள்ளங்கை அளவு. எந்த ஊர்த் தச்சரும் தம் உடம்பைக் கொண்டே அளந்து செய்துவிடலாம். குடமுழுக்கு யாகசாலையில் பூர்ணாகுதி கொடுக்கும் நீண்ட மரக்கரண்டியைப் பார்க்கும்போது, அதன் மரமும் அளவும் யாரோ சிந்தித்து வகுத்தவை என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அகப்பையும் துடுப்பும்

அடுக்களையில் தமிழர் வேறு வழி கண்டார்கள். மரத்தைக் குடைந்து குழிவு எடுப்பதற்குப் பதில், தென்னை தந்த குழிவையே எடுத்துக்கொண்டார்கள். முற்றிய தேங்காயின் சிரட்டையில் கண்ணில்லாத பாதியைத் தேர்ந்து, வெளிநாரைச் சுரண்டி வழவழப்பாக்கி, விளிம்புக்குச் சற்றுக் கீழே எதிரெதிராக இரண்டு துளையிடுவார்கள். மூங்கிலைப் பிளந்து நுனி நோக்கி மெலியச் சீவி, ஒரு துளை வழியே செலுத்தி மறு துளையில் இறுக்கிவிட்டால் அகப்பை ஆயிற்று. ஆணியோ பசையோ வேண்டாம். மூங்கில் பிளந்தது என்பதால் காம்பில் நார் முழுமையாக ஓடும். சிரட்டை சூட்டைக் கைக்குக் கடத்தாது, மண்சட்டியையும் கீறாது. மலாய்க்காரர் சமையலறையிலும் ஈழத்துச் சமையலறையிலும் சிரட்டை அகப்பைக்கு இதே இடம் உண்டு. தென்னை செழித்த கரைகள் எல்லாம் ஒரே விடையைக் கண்டிருக்கின்றன.

அண்டாவில் சோறு கிளறும் துடுப்புக்கு முழு மரம்தான் வேண்டும். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை வழியெங்கும் நடக்கும் அன்னதானச் சமையலைக் கவனித்தவர்களுக்கு அதன் இலக்கணம் தெரியும். அனலிலிருந்து விலகி நிற்க நீண்ட காம்பு, சோற்றை மசிக்காமல் புரட்டத் தட்டையான முகம், அண்டாவின் அடியோடு பொருந்தும் வளைந்த விளிம்பு. அலங்காரத்துக்கு அங்கே இடமில்லை. அந்த மூன்றும் சரியாக அமைந்த துடுப்பு தானாகவே அழகாக இருக்கும்.

இந்தத் தீவுக்கு ஏற்ற தரம்

மேற்கண்ட ஒவ்வொரு மரபும் தன் மண்ணின் மரத்துக்கும் தன் வீட்டுச் சட்டிக்கும் பதில் சொல்லித் தன் தரத்தை அடைந்தது. பிர்ச் மரக் கரண்டியை இங்கே நகலெடுத்தால் வடிவம் கிடைக்கும், மரபு கிடைக்காது. பினாங்கில் பயில்பவர் முதலில் இத்தீவின் மரங்களைப் படிக்க வேண்டும்.

பலா கத்திக்கு இணங்கும். மிருதங்கத்துக்கு உடல் தந்த மரம் அகன்ற கரண்டிக்கும் உதவும். கவட்டைக்கு நாம் தேடிய கொய்யாக் கிளை நெருங்கிய நார் கொண்டது. சிறிய, மெலிந்த கரண்டிக்கு ஏற்றது. சாலைகளுக்கு நிழல் தரும் தூங்குமூஞ்சி மரத்தின் நார் பின்னிக்கொண்டு ஓடுவதால் நேராகப் பிளக்காது. ஆனால் சுருக்கம் குறைவு. ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தைப் பச்சையாகவே குடைந்து கிண்ணம் செய்கிறார்கள். ரப்பர் மரத்தைப் பால் குறைந்ததும், ஏறத்தாழ 25 முதல் 30 வயதில் வெட்டுகிறார்கள். மாவுச்சத்து மிகுந்த அம்மரத்தில் சில நாள்களிலேயே நீலப்பூசணம் ஏறிவிடும், வண்டும் துளைக்கும். அதைச் செதுக்குபவர் வெட்டியவுடன் தொடங்க வேண்டும். ரெங்காஸ் மரத்தை மட்டும் தொடவே கூடாது. மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த அதன் கரும்பால் பட்டால் தோல் கொப்புளிக்கும். அரளியும் உணவுக் கருவிக்கு ஆகாது.

காயவைக்கும் முறையும் இங்கே மாறும். குளிர்நாட்டார் மரம் வெடிக்காதிருக்க ஈரத்தை மெல்ல வடியவிடுவார்கள். நம் புழுக்கத்தில் மூடிவைத்த கட்டை பூஞ்சை பிடித்துவிடும். பிளந்த அன்றே ஒரே சீரான தடிமனுக்குச் செதுக்கி, வெயில் படாமல் காற்றோட்டத்தில் தொங்கவிடுவதே இவ்வூருக்குப் பொருந்தும். மேலே பூச ஆளிவிதை எண்ணெய் நல்லது. காற்றில் அது இறுகும். தேங்காய் எண்ணெய் இறுகாது, அடிக்கடி பூச வேண்டியிருக்கும்.

கடையில் தொங்கும் இயந்திரக் கரண்டியையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். பலகையிலிருந்து வெட்டுவதால் வளைவு வைத்தால் நார் அறும். அதனால்தான் பல கரண்டிகள் தட்டையாகவும் தடித்தும் இருக்கின்றன. கையால் செய்பவர் அதைவிட மேலான ஒன்றைத் தர முடியும், தர வேண்டும்.

எனவே நம் பயிலகங்களுக்கு நான்கு தரங்களை முன்மொழிகிறேன். நார் குழிவிலிருந்து நுனிவரை அறாதிருக்க வேண்டும். குழிவின் விளிம்பு எங்கும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும். மரத்தின் பெயரையும் அது விழுந்த இடத்தையும் செய்தவர் சொல்ல முடிய வேண்டும். ஒரு மாதம் சாம்பாரிலும் மீன் கறியிலும் உழைத்த பிறகே கரண்டியை மதிப்பிட வேண்டும். கண்காட்சி மேசையில் வைத்துப் பரிசு கொடுப்பதைவிட, சமையல்காரர் கையில் கொடுத்துத் தீர்ப்புக் கேட்பதே இந்தக் கலைக்கு நாம் செய்யும் மரியாதை.