மீனாட்சியம்மையும் மலையக நாட்டார் பாடல் மரபும்: ஒரு மறுநோக்கு

தொழிற்சங்க வரலாறு எழுதுவோர் கோ. நடேசய்யரின் துணைவியாராகிய மீனாட்சியம்மையைத் தவறாது குறிப்பிடுவர். ஆனால், மலையக நாட்டார் பாடல் பற்றிப் பேசுமிடத்து அவர் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார். அவரது பாடல்கள் ஆசிரியர் பெயருடையவை. 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என அச்சேறியவை. மெட்டுகளோ மக்களிடையே வழங்கியவற்றிலிருந்து இரவல் பெற்றவை. எனவே அவை நாட்டார் பாடல்கள் ஆகா என்பது வாதம்.

இவ்வாதம் ஏற்புடையதன்று. 1931இல் நடேசய்யர் தொழிற்சங்கம் அமைத்த காலத்தில், வெளியார் தோட்டத்துள் நுழைவதே அத்துமீறலாகக் கொள்ளப்பட்டது. அவர் புடைவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குச் சென்றார் என்பர். பேச்சாளன் நுழைய முடியாத இடத்திற் பாட்டு நுழைந்தது. கூட்டத்திற் பாடப்பட்டது, மெட்டு முன்பே பழகியதாகையால், கேட்டவர் வாயிலேயே வீடுவரை சென்றிருக்கும். கும்மியும் தெம்மாங்கும் காலங்காலமாக இயங்கிவந்த முறையும் இதுவே: பழைய மெட்டு, புதிய சொல். கங்காணியையும் துரையையும் எள்ளிப் பாடிய கொழுந்துப் பெண்களுக்கும் மீனாட்சியம்மைக்கும் உள்ள வேறுபாடு, அவர் தம் பெயரை நூலில் இட்டார் என்பதே.

அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னைத் தோட்டத்தை 1890இல் வாங்கிய தோமஸ் லிப்டன், அயர்லாந்துப் பெற்றோருக்குக் கிளாஸ்கோவிற் பிறந்தவர். அவர் பிறந்த ஸ்கொட்லாந்தின் தீவுகளிலும், பெண்கள் கம்பளித் துணியை மேசையில் அடித்துத் துவைக்கும்போது கேலிக் மொழியிற் கூடிப் பாடினர். வட யூயிஸ்ட் தீவிற் பிறந்த ஜூலி பௌலிஸ் இன்று அப்பாடல்களை இசைக்கருவிகளுடன் மேடையிற் பாடுகிறார், 2008இல் பி.பி.சி.யின் சிறந்த நாட்டார் பாடகர் விருதையும் பெற்றார். தற்காலக் கெல்டிக் இசை எனும்போது மேடையும் இசைத்தட்டும் மரபுக்குப் புறம்பாகக் கருதப்படுவதில்லை. எடின்பரோப் பல்கலைக்கழகம் 1951 முதல் பாடியவரின் குரலையே ஒலிப்பதிவு செய்து பேணிவந்ததும் அங்கு மரபு அறுபடாமைக்கு ஒரு காரணம். நமது தொகுப்புகளோ பெரும்பாலும் சொல்லை மட்டும் காத்தன. அப்புத்தளை மலைகளிற் பாடிய பெண்களைப் பெயரற்றவர் என்கிறோம். பெயரைக் கேட்டு எழுதியவர் எத்தனை பேர்?

மீனாட்சியம்மையிடம் குறை காண்பதாயின் அதனை வேறிடத்திற் காண வேண்டும். 1939இல் அரசாங்க சேவையிலிருந்து இந்தியத் தினக்கூலித் தொழிலாளர் நீக்கப்பட்ட சூழலிற் பாடிய அவர், தம் மக்களை ‘இந்தியர்’ என்றே அழைத்தார். அச்சூழலில் அது இயல்பே. எனினும், இம்மண்ணிற் பிறந்து, இம்மண்ணையே தமதெனக் கொண்டோரின் உரிமைக்குரல் அச்சொல்லுள் அடங்கவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அதே மக்களை நாடற்றோராக்கியது. சி. வி. வேலுப்பிள்ளை 1983இல் தாம் தொகுத்த பாடல்களுக்கு ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்றே பெயரிட்டார்.