உள்வாடகையும் தரகும்

இணையதளம் செய்து கொடுப்பவருக்குத் தளத்துக்கான காசு ஒரு தடவைதான் வரும். அதிலும் கடைசித் தவணை இழுபறி. வருடா வருடம் ஏதாவது வர வேண்டுமென்றால் கண்ணில் படுவது ஹோஸ்டிங், அதாவது தளத்துக்கு சர்வரில் இடம் கொடுப்பது. மொத்தமாக ஒரு ரீசெல்லர் கணக்கு எடுத்து, அதைப் பிரித்துத் தன் பெயரிலேயே வாடிக்கையாளர்களுக்கு விற்பது ஒரு வழி. ஏதாவது ஒரு பெரிய கம்பெனியின் அஃபிலியேட் லிங்க்கை அனுப்பி, வாடிக்கையாளர் அங்கே வாங்கியதும் கமிஷன் பெறுவது இன்னொரு வழி. முன்னது உள்வாடகை, பின்னது தரகு.

இரண்டில் எது லாபம் என்று கேட்பவர்கள்தான் அதிகம். தளம் விழுந்த அன்று யார் போனை எடுப்பது, அதற்கு யார் காசு தருவது என்பதையே நான் முதலில் கேட்பேன்.

தரகின் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ப்ளூஹோஸ்ட் நெடுங்காலம் அறிவித்திருந்த கமிஷன், தரகர் வழியாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் 65 டாலர். அதே கம்பெனி விளம்பரத்தில் காட்டிவந்த தொடக்க விலை மாதம் 2.95 டாலர். பன்னிரண்டால் பெருக்கினால் 35 டாலர் 40 சென்ட். வாடிக்கையாளரின் முதல் வருடக் கட்டணத்தைவிடத் தரகருக்குப் போவது அதிகம். இந்தக் காசு எங்கிருந்து திரும்புகிறது? மூன்று வருடப் பணத்தை முன்னதாகவே வாங்கிக்கொள்வதிலிருந்து; அப்புறம் புதுப்பிக்கும்போது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறும் கட்டணத்திலிருந்து. இணையத்தில் ‘சிறந்த பத்து ஹோஸ்டிங்’ என்று வரும் பட்டியல்களில் எந்தக் கம்பெனி மேலே நிற்கிறது என்பதற்கும் இதே கணக்குதான் பெரும்பாலும் காரணம். பரிந்துரைப்பவர் தனக்குக் கிடைக்கும் பலனைச் சொல்லிவிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் விதிமுறை வகுத்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் ‘இதுல வாங்கிக்கங்க சார்’ என்று போகும் லிங்க்கை யார் பார்க்கிறார்கள்?

தரகிலும் ஒரு நியாயம் உண்டு. கணக்கு வாடிக்கையாளர் பெயரில், பாஸ்வேர்ட் அவர் கையில். செய்தவரோடு சண்டை வந்தாலும், செய்தவர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டாலும் தளம் நிற்காது. சுதந்திரம் என்ற அளவில் தரகுக்கே என் ஓட்டு. ஆனால் கமிஷன் வந்த நாளோடு தரகரின் அக்கறைக்கும் காரணம் தீர்ந்துபோகிறது.

உள்வாடகைக்காரர் அப்படி ஒதுங்க முடியாது. அடுத்த வருடப் புதுப்பிப்பு வந்தால்தான் அவருக்கு வருமானம். ரீசெல்லர் கணக்குக்கு மாதம் 1,500 ரூபாய், முப்பது தளங்கள், தளத்துக்கு வருடம் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரவு 1,20,000, செலவு 18,000. காகிதத்தில் இது அருமையான தொழில்.

காகிதத்துக்கு வெளியே நடப்பது வேறு. முப்பதில் ஒருவர் வேர்ட்பிரஸ் ப்ளக்இன்னை இரண்டு வருடமாகப் புதுப்பிக்கவில்லை. அந்த ஓட்டை வழியே யாரோ நுழைந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஆயிரக்கணக்கில் ஸ்பாம் மெயில் அனுப்புகிறார்கள். ஒரே சர்வர் என்பதால் ஐபி முகவரி எல்லோருக்கும் பொது. அது கறுப்புப் பட்டியலில் ஏறியதும், இதில் சம்பந்தமே இல்லாத திருப்பூர்க்காரர் ஒருவர் வெளிநாட்டு பையருக்கு அனுப்பிய விலைப்புள்ளி ஸ்பாம் பெட்டிக்குப் போய்விடுகிறது. அவர் கூப்பிடுவது உள்வாடகைக்காரரைத்தான். சர்வர் இவருடையது அல்ல. மேலே இருக்கும் கம்பெனிக்குப் புகார் டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். பொறுப்பு முழுக்க இவர் தலையில், அதிகாரம் மட்டும் வேறு எங்கோ. இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறே இதுதான்.

விலையும் இவர் கையில் இல்லை. ஹோஸ்டிங் கணக்குகளை நிர்வகிக்கும் மென்பொருளான சிபேனலின் கம்பெனியை ஓக்லி கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம் 2018-இல் வாங்கியது. அடுத்த வருடமே, சர்வருக்கு இவ்வளவு என்றிருந்த உரிமக் கட்டணம் கணக்குக்கு இவ்வளவு என்று மாறியது. மலிவு விலையில் நூற்றுக்கணக்கான கணக்குகளை அடுக்கியவர்களுக்குத்தான் பலத்த அடி. சர்வரின் பாதுகாப்பும் அப்படித்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் என்ற ஹோஸ்டிங் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தபோது லட்சக்கணக்கான தளங்கள் முடங்கின. பேக்கப்பை அதே வளாகத்தில் விட்டு வைத்திருந்தவர்கள் அதையும் சேர்த்து இழந்தார்கள். உள்வாடகைக்காரர் தினமும் வேறொரு கம்பெனியின் இடத்தில் பிரதி எடுத்து வைக்காவிட்டால், அவர் வாங்கும் 4,000 ரூபாயில் பெரும்பகுதி சும்மா வாங்கியது என்றே சொல்வேன்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று இந்தத் தொழிலில் சகஜமாக நடக்கிறது: டொமைனைத் தன் பெயரில் பதிவு செய்து கொள்வது. சிலருக்கு அது சோம்பேறித்தனம், சிலருக்குப் பிடிமானம். வாடிக்கையாளர் விலகப் பார்த்தால், டொமைனை வேறிடத்துக்கு மாற்றத் தேவையான ஆத் கோட் வராது, போனும் எடுக்கப்படாது. டாட் காம் பெயர் காலாவதியாகி மீட்புக் கட்டத்துக்குப் போய்விட்டால் 30 நாள் அவகாசம், அபராதத்தோடு மீட்கலாம். ஆனால் மீட்கும் உரிமையும் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். பத்து வருடமாக விசிட்டிங் கார்டில் அச்சடித்த முகவரி அப்படிப் போய்விடும்.

உள்வாடகைக்காரரிடம் ஒரு முதலாளி கேட்பார்: “ஏனுங்க தம்பி, மச்சான் பையன் சொல்றான், மாசம் தொண்ணூத்தொம்பது ரூபாய்க்கே கெடைக்குதாமா. நீங்க மட்டும் வருசத்துக்கு நாலாயிரம் போடறீங்க?” பதில் சொல்ல முடியாமல் பல டிசைனர்கள் விலையைக் குறைத்துவிடுகிறார்கள். பில்லில் ‘ஹோஸ்டிங்’ என்று ஒரே வரி எழுதியதால் வரும் வினை இது. இடத்தின் விலையை மட்டும் ஒப்பிட்டால் முதலாளி சொல்வது சரிதான்.

ஆகவே தள எண்ணிக்கையைக் கையாளும் அளவில் வைத்து, பராமரிப்பையும் சேர்த்துச் செய்பவருக்கு மட்டும் உள்வாடகை பொருந்தும் என்பது என் முடிவு. மற்றவர்கள் தரகு வாங்கிக்கொள்ளட்டும், வாங்குவதைச் சொல்லிவிட்டு. உள்வாடகைக்காரர் பில்லில் இரண்டு வரி எழுத வேண்டும்: சர்வர் இடம் 1,000, பேக்கப், அப்டேட், மெயில் கோளாறு பார்ப்பது 3,000. டொமைன் வாடிக்கையாளரின் பெயரிலும் மெயில் முகவரியிலும் இருக்கட்டும். இப்படி எழுதினால் முதல் வருடம் இரண்டு மூன்று பேர் இரண்டாவது வரி வேண்டாம் என்பார்கள். அவர்களைத் தன் சர்வரில் வைத்துக்கொள்ளாமல், அவர்கள் பெயரிலேயே வேறிடத்தில் கணக்குத் திறந்து கொடுத்துவிடுவது நல்லது. அடுத்த ஸ்பாம் அநேகமாக அந்தத் தளங்களிலிருந்துதான் கிளம்பும்.