ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒரு தீர்ப்பு

உணவக விமர்சனம் என்ற எழுத்து தமிழ்ப் பத்திரிகைகளில் வளரவே இல்லை. சினிமாவுக்கு வாராவாரம் விமர்சனம் வந்தது. நாவலுக்கு வந்தது, மார்கழிக் கச்சேரிக்கு வந்தது. தினமும் லட்சக்கணக்கானோர் காசு கொடுத்துச் சாப்பிடும் மெஸ்ஸுக்கும் பரோட்டாக் கடைக்கும் வரவில்லை. ஊர் ஊராகக் கடை தேடிப்போய் சமஸ் எழுதிய ‘சாப்பாட்டுப் புராணம்’ போன்ற புத்தகங்கள் அபூர்வம். காலியாகக் கிடந்த அந்த இடத்தில்தான், சாப்பாட்டில் உள்ள ஆசையைத் தவிர வேறு தகுதி எதையும் கோராத சாதாரண மனிதர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பகலில் ஒரு வேலை. மாலையில் ஒரு கடை. ராத்திரி அதைப் பற்றி நாலு வரி அல்லது ஒரு வீடியோ. இந்தப் பழக்கத்தின்மீது எனக்கு மதிப்பு அதிகம். அதனாலேயே அதன் குறைகள் என்னை உறுத்துகின்றன.

முதலில் அவர்கள் செய்த நன்மை. விருதுநகரின் எண்ணெய் பரோட்டா, மதுரை சிம்மக்கல் பக்கத்துக் கறிதோசை, ஆம்பூர் பிரியாணிக்குத் துணையாக வரும் கத்திரிக்காய் ஆகியவற்றை அந்தந்த ஊர்க்காரர்கள் என்றைக்கும் அறிவார்கள். வெளியூர்க்காரர் பஸ் ஏறிப் போய்ச் சாப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு அவற்றின் பேர் பரவியதில் இந்த ஆர்வலர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பிரெஞ்சு டயர் கம்பெனியான மிஷ்லின் 1900-இல் கையேடு போடத் தொடங்கி, 1926-இல் நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது. அந்தப் பரம்பரையில் வந்த தொழில்முறை விமர்சகரின் கண் மேசைவிரிப்பு போட்ட இடங்களையே அதிகம் தேடியது. நம் ஆர்வலர் சந்துக்குள் இருக்கும் கையேந்தி பவனுக்கும் போகிறார். சீரகச் சம்பாவா பாஸ்மதியா என்று வாசனையிலேயே சொல்கிறார். பசியோடு போய்ச் சொந்தக் காசில் சாப்பிடுவதால், ‘இந்த விலைக்கு இது தகுமா’ என்ற கேள்வி அவர் நாக்கிலேயே இருக்கிறது.

இந்தப் பேச்சுக்கு எவ்வளவு பலம் என்பதற்குக் கணக்கும் உண்டு. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தையும், யெல்ப் தளத்தில் வாடிக்கையாளர்கள் அவற்றுக்குப் போட்ட நட்சத்திரங்களையும் ஒப்பிட்டு 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடியபோது வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடியிருந்தது. இந்த ஏற்ற இறக்கம் தனிக்கடைகளில்தான் தெரிந்தது. பல கிளைகள் கொண்ட பெரிய நிறுவனங்களை அது அசைக்கவில்லை. ஆக, ஆர்வலரின் சொல் வாழவைப்பதும் சாய்ப்பதும் சின்னக் கடையைத்தான். அவர் மிகவும் நேசிப்பதும் அந்தக் கடையைத்தான்.

இவ்வளவு கனமான தீர்ப்பை அவர் எப்படி எழுதுகிறார்? பெரும்பாலும் ஒரே ஒருமுறை சாப்பிட்டுவிட்டு. இந்தப் பழக்கத்தின் ஆகப்பெரிய குறை இதுதான் என்பேன். ஒரு காலை டிபன் கடையைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். ஏழு மணிக்கு முதல் ஈடு இட்லி இறங்கும்போது சாம்பாரும் அப்போதுதான் கொதித்து இறங்கியிருக்கும். பெருங்காயம் தெருமுனை வரை மணக்கும், சின்ன வெங்காயம் முழுசாக மிதக்கும். ஒன்பதரை மணிக்கு அதே சாம்பாரில் வெந்நீர் விட்டு நீட்டியிருப்பார்கள். வெங்காயம் கரைந்து, பருப்பு வாளியின் அடியில் தங்கியிருக்கும். காலையில் இனித்த தேங்காய்ச் சட்னி வெயில் ஏற ஏறப் புளிப்புக்குத் திரும்பும். சித்திரையில் மாவு சீக்கிரம் பொங்கிப் புளித்துவிடும். மார்கழியில் சோம்பிக் கிடக்கும், இட்லி தட்டையாக வரும். கைதேர்ந்த மாஸ்டர் பருவத்துக்குத் தக்கபடி மாவாட்டும் நேரத்தை மாற்றி அதைச் சமாளிப்பார். இதில் எந்த நாளின், எந்த மணியின் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ‘பஞ்சு மாதிரி’ என்றோ ‘வேஸ்ட்’ என்றோ எழுதுகிறோம்? மாஸ்டரின் திறமையை அளப்பதற்கு முதல் ஈடு போதாது. நாலாவது ஈடும் பந்தி கலையும் நேரத்துச் சாம்பாரும்தான் அதற்குச் சரியான சாட்சி.

1957-இல் நியூயார்க் டைம்ஸின் உணவுப் பகுதி ஆசிரியரான கிரெய்க் கிளெய்போர்ன் இதை நன்றாக உணர்ந்தவர். ஒரு கடைக்குப் பலமுறை போவது, பணத்தைப் பத்திரிகையே கட்டுவது, தான் யாரென்று கடைக்காரருக்குக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது என்ற ஒழுக்கத்தை அவர் நிலைநாட்டினார். இதெல்லாம் பெரிய பத்திரிகையின் பணபலத்தால் மட்டும் முடிந்த காரியமென்று ஒதுக்கவும் முடியாது. லாஸ் ஏஞ்சலஸின் ஜோனதன் கோல்டு 1980-களின் தொடக்கத்தில் ஒரு சட்டச் செய்தித்தாளில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தவர். பிக்கோ என்ற ஒரு நீண்ட நகரச் சாலையில் உள்ள உணவகங்கள் அத்தனையிலும் சாப்பிடுவது என்று தானாக முடிவெடுத்து, ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தார். அன்றைக்கு அவரும் வெறும் ஆர்வலர்தான். குடியேறிகள் நடத்தும் சின்னக் கடைகளைப் பற்றி அந்த வழியில் வளர்ந்த எழுத்துக்கு 2007-இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. உணவக விமர்சகர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. அவருடைய முறையில் என்னைக் கவர்வது அதன் எல்லை: ஒரே ஊர், ஒரே சாலை. நம் ஆர்வலர்களுக்கோ போன வாரம் செங்கோட்டை, இந்த வாரம் குமுளி, அடுத்த வாரம் புதுச்சேரி. தன் தெருமுனைக் கடையில் வருஷக்கணக்காகச் சாப்பிட்டவரிடம் இருக்கும் அறிவு எந்தத் தொழில்முறை விமர்சகருக்கும் கிடைக்காதது. அதை அவர் எழுதுவதே இல்லை.

கேமரா இன்னொரு கெடுதலைக் கொண்டுவந்தது. பெயர் தெரியாமல் போய்ச் சாப்பிடுவது சாதாரண மனிதருக்கு இயல்பாகவே அமைந்த சௌகரியம். வெளிச்சமும் மைக்கும் எடுத்துக்கொண்டு நுழைந்த கணத்தில் அது போய்விடுகிறது. கறி கூடுதலாக விழுகிறது. இலையில் நெய் வழிகிறது. மாஸ்டர் பொறுக்கி எடுத்த பரோட்டாவை முதலாளியே கொண்டுவந்து வைக்கிறார். பக்கத்து மேசைக்காரருக்குக் கிடைத்த சால்னா வேறு. கடைசியில் காசு வேண்டாம் என்கிறார்கள். விருந்தோம்பலில் ஊறிய ஊரில் மறுப்பதும் கடினம். சாப்பிட்டவர் அதைச் சொல்லாமல் விடும்போது விமர்சனம் விளம்பரமாகிவிடுகிறது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-இலும், ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் வெளியிட்ட நெறிமுறைகள், பணமோ இலவசமோ பெற்றால் அதைப் பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்கின்றன. இலவசமாகக் கிடைத்த ஒரு தட்டு பிரியாணியும் இதில் சேர்த்திதான்.

விலை குறைவைக் கொண்டாடும் போக்கும் எனக்குக் கவலை தருகிறது. ‘இந்தக் காலத்தில் இவ்வளவு மலிவா’ என்று வியந்தவுடன் பேச்சை முடித்துவிடுகிறார்கள். 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய்க்குக் கிடைத்தது என்றால் மீதிச் செலவை மாநகராட்சி ஏற்றது. தெருவோரம் அடுப்பு வைத்திருக்கும் அக்காவுக்கு அப்படி யாருமில்லை. விடியற்காலையில் எழுந்து மாவாட்டும் அவருடைய உழைப்புக்கும், பாத்திரம் கழுவும் மகளின் உழைப்புக்கும் கூலி போடாததால்தான் அந்த விலை. ‘மலிவு’ என்று ஊரறிய முத்திரை விழுந்தபின், எண்ணெய் விலை ஏறினாலும் அவரால் ரெண்டு ரூபாய் கூட்ட முடியாது. கூட்டினால், புகழ்ந்த அதே கூட்டம் ‘முன்ன மாதிரி இல்ல’ என்கிறது.

எண்ணெய் என்றதும் இன்னொன்று. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெட்ட சேர்மங்களுக்கு 25 சதவீதம் என்ற உச்சவரம்பை உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்து, 2018 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. அதை அளக்கக் கருவி வேண்டும்தான். ஆனால் வாணலியில் நுரை அடங்காமல் கறுத்துக் கிடக்கும் எண்ணெய் யார் கண்ணுக்கும் தெரியும். மிளகாய்த்தூள் சிவப்பை நெருக்கத்தில் காட்டும் கேமரா அந்தப் பக்கம் திரும்பினால் பார்ப்பவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

அடிக்கடி போவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘வாங்க தம்பி’ என்று கல்லாவிலிருந்து கூப்பிடும் அண்ணாச்சியின் கடையைக் குறைசொல்லிப் பொதுவில் எழுதக் கை வராது. பழக்கம் நாக்கையும் மழுக்கும். உப்பு கூடிய குழம்பே நாளடைவில் ருசியாகிவிடும். இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. வாடிக்கைக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவருவது ஒன்று இருக்கிறது. குறையை முதலில் கல்லாவில் சொல்வார்கள். “அண்ணே, ஒரு வாரமா பரோட்டா ரப்பர் மாதிரி இருக்கு” என்றால் பதில் வரும். சில சமயம் மாஸ்டர் அறுவடைக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போயிருப்பார், உதவியாளர் கல்லில் நின்றிருப்பார். சில சமயம் எண்ணெயைக் குறைத்து, மாவை ஊறவிடாமல் அவசரமாக அடித்திருப்பார்கள். ஒருநாள் சாப்பிட்டுப் போகிறவருக்கு இரண்டு பரோட்டாவும் ஒன்றுதான். முதல் கடைக்கு மாஸ்டர் திரும்பும்வரை பொறுத்துக்கொள்ளலாம். சொன்ன பிறகும் மாறாத இரண்டாவது கடையைப் பற்றி, எந்தெந்தத் தேதியில் எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டோம், எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதியே ஆகவேண்டும்.